பெண்களுக்கு மட்டுமான இடங்களை ஏற்றுக்கொண்டே பாலினச் சமத்துவம் பேச முடியுமா?

காவிரிக்கரை எழுதியது:

எங்கள் ஊரில் பல ஆண்டுகளாக ஒரு வாசகர் வட்டம் நடந்துவருகிறது. சங்கமாகப் பதிவு செய்யப்பட்ட அமைப்பு. உறுப்பினர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். வழக்கமான மாதக் கூட்டத்தைத் தவிர, பெண்கள் மட்டும் கலந்துகொள்ளும் ஒரு கூட்டத்தையும் வட்டத்தின் பெயரிலேயே, வட்டத்தின் அரங்கிலேயே நடத்த அனுமதி வேண்டும் என்று பெண் உறுப்பினர்கள் அண்மையில் எழுத்துமூலம் கேட்டிருக்கிறார்கள். செயற்குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. நானும் அக்குழுவில் இருக்கிறேன். எந்தப் பக்கம் கை தூக்குவது என்பதில் எனக்கு இன்னும் தெளிவு ஏற்படவில்லை.

மறுப்பவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. எங்கள் பகுதியில் உள்ள பழைய மனமகிழ் மன்றம் ஒன்று பெண்களை உறுப்பினர்களாகச் சேர்க்க மறுத்தபோது, அதைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியவர்கள் நாங்கள்தாம். பாலினத்தைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்துவது தவறு என்றால் யார் சாத்தினாலும் தவறுதானே என்று அவர்கள் கேட்கிறார்கள். ஆதரிப்பவர்களோ, பொதுக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தாலும் பெண்களுக்குப் பேச வாய்ப்பு அரிதாகவே கிடைக்கிறது என்றும், உடலையும் மணவாழ்க்கையையும் பற்றிய நூல்கள் விவாதத்துக்கு வரும்போது ஆண்கள் முன்னிலையில் மனம்விட்டுப் பேச இயலவில்லை என்றும் சொல்கிறார்கள்.

பெண்களுக்கு நெடுங்காலமாக இழைக்கப்பட்ட அநீதிக்கு இது ஈடு என்ற விடையை நான் அறிவேன், ஏற்கவும் செய்கிறேன். அந்த விடைக்கு எல்லை எது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. மகளிர் கல்லூரி, மின்சார ரயிலில் மகளிர் பெட்டி, அனைத்து மகளிர் காவல் நிலையம், பெண்களைச் சேர்க்காத மன்றம், குறிப்பிட்ட வயதுப் பெண்களை அனுமதிக்காத கோயில் ஆகிய எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியுமா? முடியும் என்றால் அந்த அளவுகோல் எது? அனுபவமும் படிப்பும் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

சட்டத்துணை எழுதியது:

ஐயா, நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியோடு எழுபது ஆண்டுகளுக்கு மேலாக மல்லுக்கட்டிவருகின்றன. அவை வந்து சேர்ந்திருக்கும் இடம் உங்கள் குழுவுக்கும் பயன்படலாம்.

அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது உறுப்பு, முதற்கூறில், அரசு பாலினத்தை மட்டும் காரணமாகக் கொண்டு எந்தக் குடிமகனுக்கும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அதே உறுப்பின் மூன்றாவது கூறு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடுகள் செய்வதை இத்தடை தடுக்காது என்கிறது. ரயில்வே சட்டம், 1989, தன் 58ஆவது பிரிவில் பயணிகள் ரயில்களில் பெண்களுக்கென்று தனியிடம் ஒதுக்கச் சொல்வதும், 162ஆவது பிரிவில் அவ்விடத்துக்குள் நுழையும் ஆணுக்கு 500 ரூபாய் வரை அபராதம் விதிப்பதும் இந்த மூன்றாவது கூற்றின் நிழலில்தான். ஆகவே, தனியிடம் என்ற ஒன்றே சமத்துவத்துக்கு முரண் என்ற கருத்தை நம் அரசமைப்புச் சட்டம் தொடக்கத்திலேயே ஏற்கவில்லை.

ஆனால் இந்த மூன்றாவது கூறின் பெயரால் எதை வேண்டுமானாலும் செய்யலாமா என்றால், அங்கேதான் வரலாறு சுவையாக இருக்கிறது. பிறன்மனை உறவுக் குற்றத்தில் ஆணுக்கு மட்டும் தண்டனை விதித்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவை, பெண்களுக்கான தனி ஏற்பாடு என்று சொல்லியே 1954இல் யூசுப் அப்துல் அஜீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. 2018இல் ஜோசப் ஷைன் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதே பிரிவை நீக்கியது. பெண்ணுக்குச் சலுகை போலத் தோன்றிய அப்பிரிவு, மனைவியைக் கணவனின் உடைமையாகப் பார்க்கும் எண்ணத்தின் மேல் கட்டப்பட்டது என்பதை அந்த அமர்வு எடுத்துக்காட்டியது.

நமக்கு இன்னும் நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. தொழிற்சாலைகள் சட்டம், 1948, பெண்களை இரவு நேரப் பணியில் அமர்த்துவதைத் தடை செய்திருந்தது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வசந்தா என்னும் தொழிலாளர் தொடர்பான வழக்கில், அத்தடை அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று நீக்கியதோடு நிற்காமல், இரவுப் பணிக்கு வரும் பெண்களுக்குப் போக்குவரத்து, தனி ஓய்வறை, தொல்லையிலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றை நிறுவனம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் நிபந்தனைகள் வகுத்தது. தனி ஓய்வறையைக் கட்டாயமாக்கிய அதே தீர்ப்புதான், பெண்களை இரவுப் பணியிலிருந்து தள்ளிவைத்த தடையை நீக்கியது. இரண்டுக்கும் இடையே நீதிபதி முரண் எதையும் காணவில்லை. தனி ஓய்வறை பெண்ணை வேலைக்குள் நுழையவிடுகிறது, தடை வேலையிலிருந்து வெளியேற்றுகிறது. 2007இல் அனுஜ் கர்க் வழக்கில், மது பரிமாறும் இடங்களில் பெண்கள் வேலை செய்வதைத் தடுத்த பஞ்சாப் கலால் சட்டப் பிரிவை நீக்கியபோது உச்ச நீதிமன்றமும் ஏறத்தாழ இதையே சொன்னது: பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணின் தெரிவைக் குறுக்குவதை விட்டுவிட்டு, அந்த இடத்தைப் பாதுகாப்பானதாக்குவதே அரசின் கடமை.

சபரிமலை வழக்கில் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு நுழைவை அனுமதித்தாலும், மறுஆய்வில் எழுந்த கேள்விகள் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டன. அதில் வழிபாட்டு உரிமையும் சேர்ந்து சிக்கலாகிவிடுவதால், உங்கள் பட்டியலிலிருந்து அதை விலக்கிவைத்து யோசிப்பது நல்லது என்று கருதுகிறேன்.

பேராசிரியை, ஓய்வு எழுதியது:

மகளிர் கல்லூரிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். எனக்கு அவற்றின் மேல் பற்று உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

சென்னை நகரின் முதல் மகளிர் கல்லூரியான ராணி மேரி கல்லூரி 1914இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே மகளிர் கிறித்துவக் கல்லூரி வந்தது. பொதுக் கல்லூரிக்குப் பெண் போவதே அரிதாக இருந்த காலம் அது. முத்துலட்சுமி அம்மையார் புதுக்கோட்டையில் ஆண்கள் படித்த மன்னர் கல்லூரியில் சேர்வதற்கு மன்னரே தலையிட வேண்டியிருந்தது. அவர் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றதும், பின்னர் சென்னை மாகாணச் சட்ட மேலவையின் துணைத் தலைவரானதும் பலர் அறிந்தவை. பொது இடங்களின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போன அதே அம்மையார்தான், ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தையும் நிறுவினார். அவருக்கு இந்த இரண்டு வேலைகளும் ஒன்றையொன்று மறுப்பவையாகத் தோன்றியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மருத்துவத் துறையில் இன்னும் தெளிவான சான்றுகள் கிடைக்கின்றன. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவரான மேரி ஷார்லீப், ஆண் மருத்துவர்களிடம் உடலைக் காட்ட மறுத்து மடிந்துகொண்டிருந்த பெண்களுக்காக ஒரு மருத்துவமனை வேண்டும் என்று முனைந்ததன் விளைவாக, 1885இல் சென்னையில், பெண்களைத் திரைமறைவில் வைக்கும் கோஷா முறையின் பெயரிலேயே, கோஷா மருத்துவமனை உருவானது. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருப்பது அதுதான். இன்றும் அந்தப் பகுதியில் கோஷா ஆஸ்பத்திரி என்றால்தான் ஆட்டோக்காரருக்கு விளங்குகிறது. கோஷா முறையை ஏற்றுக்கொண்டு கட்டப்பட்ட மருத்துவமனை என்று அதைக் குறை சொல்லலாம். ஆனால் கோஷா முறை ஒழியட்டும், பிறகு மருத்துவம் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தால் எத்தனை பெண்கள் பிழைத்திருப்பார்கள்?

வேலூர்க் கதை வேறு விதமானது. அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகத் தொடங்கிய, இன்று கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக (சி.எம்.சி.) இருக்கும் நிறுவனம், 1947இல் ஆண் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டது. அந்த முடிவை, அப்பள்ளிக்காக அமெரிக்காவில் நிதி திரட்டிவந்த பெண்களில் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். பெண்களுக்கென்று கட்டியதை ஆண்களுக்குத் திறந்துவிட்டால் பெண்கள் மீண்டும் பின்வரிசைக்குப் போய்விடுவார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அச்சம் முழுவதும் வீண் என்று என்னால் சொல்ல முடியாது; திறந்ததால்தான் அந்த நிறுவனம் இன்றைய அளவுக்கு வளர முடிந்தது என்பதையும் மறுக்க முடியாது. காவிரிக்கரை கேட்ட எல்லைக் கேள்விக்கு ஒரு பதில் இங்கே இருக்கிறது. எல்லை என்பது நிறுவனந்தோறும் வேறுபடும், அதைப் பயன்படுத்துகிறவர்களே காலம் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். முன்கூட்டியே ஒரு தேதியை எழுதிவைக்க இயலாது.

இனி, மகளிர் கல்லூரி உள்ளே என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறேன். மாணவர் பேரவைத் தலைவரும் பெண், நாடகத்தில் அரசனாக நடிப்பவரும் பெண், இயற்பியல் ஆய்வகத்தில் கருவி பழுதானால் திருப்புளியைக் கையில் எடுப்பவரும் பெண். கலப்புக் கல்லூரிகளில், கூட்டுச் செய்முறைகளில் கருவியை ஆணும் குறிப்பேட்டைப் பெண்ணும் கையில் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைத் தேர்வாளராகப் போன இடங்களில் பலமுறை பார்த்திருக்கிறேன். யாரும் சொல்லி அது நடப்பதில்லை. வகுப்பில் முதலில் கை தூக்கும் பழக்கம் மூன்று ஆண்டுகளில் ஒரு பெண்ணுக்கு ஊறிவிட்டால், பிறகு எந்த அரங்கிலும் அது எளிதில் போவதில்லை.

ஆனாலும், பெற்றோர்கள் மகளிர் கல்லூரியைத் தேடி வருவது பெரும்பாலும் இதற்காக அன்று. மகள் யாரையும் காதலித்துவிடக் கூடாது என்பதற்காக வருகிறார்கள். அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றுவதற்காகவே மாலை ஆறு மணிக்கு விடுதிக் கதவைப் பூட்டி, நூலகத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் மாணவியை அறைக்குள் இருக்கவைக்கிறோம். 2015இல் தில்லியில் விடுதி நேரக் கட்டுப்பாடுகளுக்கு எதிராகப் பிஞ்ஜ்ரா தோட் இயக்கத்தை மாணவிகள் தொடங்கியபோது எங்கள் ஆசிரியர் அறையில் பெரும்பாலோர் முகம் சுளித்தார்கள். எனக்கு உள்ளூர மகிழ்ச்சியாக இருந்தது. இதைவிட மோசமானது, நம் மாநிலத்தின் தனியார் பொறியியல் கல்லூரிகள் சிலவற்றில் பெயரளவில் இருபாலரும் படிக்க, மாடிப்படி தனி, பேருந்தில் இருக்கை தனி, பேசினால் விசாரணை என்று நடத்தும் முறை. தனியிடத்தால் கிடைக்கும் எந்த நன்மையும் இல்லாமல், அதன் தீமையை மட்டும் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறார்கள்.

தாம்பரம் லோக்கல் எழுதியது:

வரலாற்றுச் செய்திகளுக்கு நன்றி. என் ஐயம் எளியது. தாம்பரம் முதல் கடற்கரை வரை நாள்தோறும் மின்சார ரயிலில் செல்கிறேன். மகளிர் பெட்டி வந்த பிறகு மற்ற பெட்டிகள் ஆண்கள் பெட்டி என்ற எண்ணம் படிந்துவிட்டது. பொதுப் பெட்டியில் ஒரு பெண் தொல்லைக்கு ஆளானால், உதவ வருபவர்களே கூட, மகளிர் பெட்டியில் ஏறியிருக்கலாமே அம்மா என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். மும்பையில் 1992இல் பெண்களுக்கென்று முழு ரயிலே விட்டார்கள். தில்லி மெட்ரோவில் 2010இலிருந்து ஒரு பெட்டி பெண்களுக்கு. இவற்றால் ஆண்களின் நடத்தை மாறியதா? மாற வேண்டியவர்களை அப்படியே விட்டுவிட்டு, பெண்களை இடம் மாற்றுவது எப்படிச் சமத்துவமாகும்?

மகளிர் உதவி மையம் எழுதியது:

தாம்பரம் லோக்கல் தோழருடைய கேள்வி நான் வேலை செய்யும் துறையிலும் அப்படியே பொருந்துகிறது. குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்களைக் காவல் நிலையங்களுக்கு அழைத்துச் செல்வது என் பணி.

இந்தியாவின் முதல் மகளிர் காவல் நிலையம் 1973இல் கோழிக்கோட்டில் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்து, இப்போது மாநிலம் முழுவதும் இருநூறுக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. அவற்றின் பயனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆண் காவலர்கள் நிறைந்த நிலையத்தின் படியேறவே துணியாத பெண், இங்கே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் பேசத் தொடங்குவதைக் கண்ணால் காண்கிறேன்.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. வழக்கமான நிலையத்துக்குப் போகும் பெண்ணிடம், இது மகளிர் நிலைய விவகாரம், அங்கே போங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிதாகிவிட்டது. மகளிர் நிலையம் பக்கத்துத் தெருவில் இருந்தால் பரவாயில்லை. இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய ஊர்களில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைந்து களைத்து வீடு திரும்புகிறவர்களே அதிகம். அங்கே போய்ச் சேர்ந்தாலும் மனுவுக்கு ரசீது கொடுத்து, இரு தரப்பையும் அழைத்துப் பேசி, சேர்ந்து வாழுங்கள் என்று எழுதி வாங்கி அனுப்பும் போக்கு வலுவாக இருக்கிறது. முதல் தகவல் அறிக்கை கடைசியில்தான் வருகிறது. பெண் அதிகாரி என்பதாலேயே பெண்ணின் பக்கம் நிற்பார் என்று எண்ணுவது தவறு. அவரும் நம் குடும்பங்களில் வளர்ந்தவரே.

இது என் தனிப்பட்ட அனுபவம் மட்டுமன்று. ஹரியானாவில் 2015இல் மாவட்டந்தோறும் மகளிர் காவல் நிலையங்கள் திறக்கப்பட்ட பிறகு என்ன நடந்தது என்பதை ஆராய்ந்து 2020இல் வெளிவந்த ஆய்வு, அவற்றால் பெண்கள் மீதான குற்றங்களின் பதிவு கூடவில்லை என்றும், வழக்கமான நிலையங்கள் தம் பொறுப்பைத் தள்ளிவிட அவை வழியாகின என்றும் கண்டது. இதற்கு நேர்மாறான ஏற்பாடு மத்தியப் பிரதேசத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டது. 180 வழக்கமான காவல் நிலையங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் சிலவற்றுக்குள்ளேயே பெண்களுக்கான உதவி மேசைகளை அமைத்து, மற்றவற்றோடு ஒப்பிட்டார்கள். 2022இல் சயின்ஸ் இதழில் வெளிவந்த அதன் முடிவுப்படி, மேசை வைத்த நிலையங்களில் பெண்களின் புகார்கள் பதிவாவது கூடியது. வழக்குப் பதிவைப் பொறுத்தவரை, மேசையில் பெண் அதிகாரிகள் இருந்த இடங்களில்தான் மாற்றம் பெரிதாக இருந்தது. பெண்ணுக்கென்று ஓர் இடம் வேண்டும். ஆனால் அது பொதுக் கட்டடத்துக்குள், அதே ரைட்டர், அதே ஆய்வாளரின் பொறுப்பில் இருக்கும்போது யாரும் கையைக் கழுவிவிட முடிவதில்லை என்பது நான் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பொருள்.

பெண் காவலர்களின் தரப்பிலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். புலனாய்வு, சட்டம் ஒழுங்கு ஆகியவற்றில் பயிற்சி பெற விரும்பிய பெண் அதிகாரிகள், ஆண்டுக்கணக்கில் குடும்பத் தகராறு மனுக்களோடு முடங்கிப்போவதாக என்னிடமே வருந்தியிருக்கிறார்கள். லத்திகா சரண் அவர்கள் சென்னை மாநகரக் காவல் ஆணையராகவும் பின்னர் 2010இல் மாநிலக் காவல்துறைத் தலைவராகவும் உயர்ந்தது பொதுப் பணிகளின் வழியாகத்தான்.

மில் தெரு எழுதியது:

நான் திண்டுக்கல், திருப்பூர் பகுதிப் பஞ்சாலைத் தொழிலாளர்களிடையே வேலை செய்கிறேன். இந்த விவாதத்தில் இதுவரை வராத ஒரு தனியிடத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். சுமங்கலித் திட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். திருமணமாகாத இளம்பெண்களை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்த்து, மில் வளாகத்துக்குள்ளேயே விடுதியில் தங்கவைத்து, குறைந்த கூலி கொடுத்து, ஒப்பந்தம் முடிந்ததும் திருமணச் செலவுக்கு உதவும் என்று ஒரு தொகையை மொத்தமாகத் தருவதாகச் சொல்லி நடத்தப்பட்ட முறை அது. பெயர் கெட்டுப்போன பிறகு, பல இடங்களில் வேறு பெயர்களோடு கேம்ப் கூலியாக, அதாவது விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கும் முறையாக, தொடர்ந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் அது பெண்களுக்கு மட்டுமான இடந்தான். வேலை செய்வதும் பெண்கள், தங்குவதும் பெண்கள், ஆண் துணையின்றிச் சம்பாதிப்பதும் பெண்கள். பெற்றோரிடம் பேசும் தரகர் முதலில் சொல்வதே, உள்ளே பொம்பளைப் பிள்ளைகள் மட்டும்தான், வெளியே விடமாட்டார்கள், பயமே வேண்டாம் என்பதுதான். தனியாகக் கடைக்குப் போக முடியாது. வீட்டோடு தொலைபேசியில் பேசுவதற்குக் கட்டுப்பாடு. பாதியில் வேலையை விட்டால் அந்தத் தொகை கிடைக்குமா என்பதே ஐயம். மேற்பார்வையாளர், மேலாளர் எல்லாரும் ஆண்கள். சங்கம் வைப்பது பற்றிப் பேசவே இயலாது, ஏனென்றால் சங்கக்காரர் உள்ளே வர முடியாது, தொழிலாளி வெளியே வர முடியாது.

இதையே அதே மாவட்டங்களில் இயங்கும் மகளிர் சுய உதவிக் குழுவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய அக்குழுக்களும் பெண்களுக்கு மட்டுமானவைதாம். ஆனால் அங்கே தலைவியைத் தேர்ந்தெடுப்பது உறுப்பினர்கள், கணக்கு எழுதுவது உறுப்பினர்கள், யாருக்குக் கடன் என்று முடிவு செய்வதும் அவர்களே. பிடிக்கவில்லை என்றால் சேமிப்பை வாங்கிக்கொண்டு விலகலாம். அக்குழுக்களிலும் குறைகள் ஆயிரம் உண்டு. கடன் சுமையைப் பற்றி எழுதத் தொடங்கினால் அது தனி இழையாகிவிடும். இருந்தாலும், வங்கிக்குள் நுழைந்து மேலாளரிடம் பேசப் பழகிய பெண்கள் பிறகு ஊராட்சித் தேர்தலில் நின்றதை எங்கள் பகுதியில் நிறையவே கண்டோம்.

ஆகவே, உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதைக் கொண்டு மட்டும் எதையும் தீர்மானிக்க முடியாது என்பது என் கருத்து. உள்ளே எடுக்கப்படும் முடிவுகள் யாருடையவை, வெளியேற விரும்புகிறவர் இழப்பின்றி வெளியேற முடியுமா என்ற இரண்டையும் கேட்டால் மில் விடுதியும் சுய உதவிக் குழுவும் தனித்தனியே பிரிந்துவிடும். உங்கள் மனமகிழ் மன்றத்தையும் அப்படியே பாருங்கள். அங்கே வணிகம் பேசப்படுகிறது, ஒப்பந்தங்களுக்கு அறிமுகங்கள் கிடைக்கின்றன, ஊரின் பெரிய மனிதர்கள் அங்கே கூடுகிறார்கள். அதிலிருந்து ஒரு பெண் விலக்கப்பட்டால் அவருக்கு இழப்பு உண்டு. உங்கள் பெண் உறுப்பினர்கள் நடத்தப்போகும் கூட்டத்தால் ஆண் உறுப்பினர் எவருக்கு என்ன இழப்பு? நூலகமும் பொதுக் கூட்டமும் அவர்களுக்கு அப்படியே இருக்கின்றனவே.

சேலத்துத் திருநங்கை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெண்களுக்கு மட்டும் என்று எழுதும்போது நாங்கள் எங்கே நிற்பது என்பதையும் இந்த இழையில் யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன், நானே கேட்டுவிடுகிறேன்.

தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் 2014ஆம் ஆண்டு வந்த தீர்ப்பில், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே அடையாளப்படுத்திக்கொள்ளும் உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. தமிழ்நாடு அதற்கு முன்பே, 2008இல், எங்களுக்கென நல வாரியம் அமைத்த மாநிலம். 2021இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது எங்களையும் சேர்த்தார்கள். திருநங்கையான பிரித்திகா யாஷினி அவர்கள் காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது படிவத்தில் அவருக்கு இடமே இல்லை. 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே வழி பிறந்தது. ஏட்டில் இவ்வளவு இருந்தும், பேருந்து நிலையக் கழிப்பறைக்குப் போனால் பெண்கள் பக்கத்தில் கூச்சல், ஆண்கள் பக்கத்தில் ஆபத்து. எங்களுக்கென்று மூன்றாவதாக ஓர் அறை கட்டிக்கொடுத்தால் சில நேரங்களில் அது பெரிய உதவி. மருத்துவமனையில் அப்படி ஒரு படுக்கைப் பிரிவு கிடைத்தால் நான் மகிழ்வேன். அதே அறை, நீங்கள் மற்றவர்களோடு சேராதீர்கள் என்று சொல்வதற்கும் பயன்படுகிறது. எனவே, தனியிடத்தை வேண்டும் என்று கேட்டவர் யார் என்பதைப் பொறுத்து எனக்கு அதன் பொருள் மாறிவிடுகிறது.

உங்கள் வாசகர் வட்டத்தில் என்னைப் போன்ற ஒருவர் உறுப்பினராக இருந்தால் அந்தப் பெண்கள் கூட்டத்துக்கு வரலாமா என்பதை, அப்படி ஒருவர் வாசலில் வந்து நிற்பதற்கு முன்பே முடிவு செய்துவையுங்கள்.

பேராசிரியை, ஓய்வு எழுதியது:

சேலத்துச் சகோதரி கேட்டது முறையான கேள்வி. நூல்களைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் அவரை விலக்குவதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. குளியலறையைப் பகிர்ந்துகொள்ளும் விடுதி, பெண்கள் சிறை போன்ற இடங்களில் சில பெண்கள் தயக்கம் தெரிவிப்பதை நான் வெறுப்பு என்று முத்திரை குத்த மாட்டேன். பிரிட்டனில் இவ்விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், சமத்துவச் சட்டத்தில் பெண் என்பது உயிரியல் பாலினத்தையே குறிக்கும் என்று 2025 ஏப்ரலில் தீர்ப்பு வந்ததும், அதைச் சிலர் வரவேற்றதும் சிலர் கலங்கியதும் நாம் அறிந்தவை. எங்கள் விடுதியில் பொதுக் குளியல் கூடத்தைத் தனித்தனிக் கதவுள்ள அறைகளாக மாற்றியபோது, அதுவரை கூச்சத்தால் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து குளித்துவந்த மாணவிகள் பலர் எங்களுக்கு நன்றி சொன்னார்கள். கதவும் தாழ்ப்பாளும் தீர்த்துவைக்கக்கூடிய சிக்கல்களை நாம் பல நேரங்களில் கொள்கைச் சிக்கல்களாக வளர்த்துவிடுகிறோம்.

காவிரிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இழப்பு யாருக்கு என்ற மில் தெருவின் கேள்வி, மறுக்கும் நண்பர்களிடம் நான் வைக்கக்கூடிய வாதமாக இருக்கிறது. ஆனால் உதவி மையத்தார் சொன்ன செய்தி என்னை வேறு விதமாக உறுத்துகிறது. பெண்களுக்குத் தனிக் கூட்டம் கொடுத்துவிட்டால், பொதுக் கூட்டத்தில் அவர்கள் பேச முடியாமல் இருப்பதைச் சரிசெய்ய வேண்டிய கட்டாயம் எங்களுக்குப் போய்விடும். உங்களுக்குத்தான் தனிக் கூட்டம் இருக்கிறதே என்று சொல்லக்கூடியவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். இதை விதிகளின் மூலமாகத் தடுக்க வழியுண்டா? சட்டத்துணை அவர்கள் தயைகூர்ந்து சொல்ல வேண்டும்.

சட்டத்துணை எழுதியது:

முதலில் சட்ட நிலை. 15ஆவது உறுப்பின் முதற்கூறு அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது. இரண்டாவது கூறு கடைகள், உணவகங்கள், பொதுப் பொழுதுபோக்கு இடங்கள், பொதுமக்கள் பயன்பாட்டுக்கு விடப்பட்ட கிணறுகள், குளங்கள் போன்றவற்றில் தனியாரையும் கட்டுப்படுத்தும். உறுப்பினர்களுக்காக ஒரு பதிவுபெற்ற சங்கம் தன் அரங்கில் நடத்தும் கலந்துரையாடல் இவற்றில் சேராது என்பது என் கருத்து. சங்கம் அமைக்கும் உரிமை 19ஆவது உறுப்பில் வருகிறது. எனவே தடை ஏதும் இல்லை. உங்கள் மனமகிழ் மன்றத்தையும் நீதிமன்றத்துக்கு இழுப்பது கடினம் என்பதையும் இதே காரணத்தால் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. நீங்கள் அதைக் கண்டித்தது சட்ட அடிப்படையில் அன்று, அற அடிப்படையில்.

உங்கள் அச்சத்துக்கு வருவோம். உள்ளாட்சித் தேர்தல் முறையைப் பாருங்கள். 73ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தம் பெண்களுக்குத் தனி ஊராட்சி மன்றம் அமைத்துக் கொடுக்கவில்லை. பொது மன்றத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு இடங்களைக் கொடுத்தது, தமிழ்நாடு அதை 2016இல் ஐம்பது விழுக்காடாக உயர்த்தியது. பெண்கள் தமக்குள் கூடிப் பேசப் பழகியது சுய உதவிக் குழுவில். முடிவெடுக்கும் அதிகாரம் கிடைத்தது பொது மன்றத்தில். இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததால்தான் ஒன்று மற்றொன்றுக்குச் சாக்காக மாறவில்லை. கணவரே நாற்காலியில் உட்கார்ந்த ஊராட்சிகளும் இருந்தன என்று மில் தெரு என்னைத் திருத்துவதற்கு முன்பே ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் வட்டத்தில் பெண்கள் கூட்டத்தை அனுமதிப்பதற்குச் செயற்குழுத் தீர்மானமே போதும். யார் கலந்துகொள்ளலாம் என்பதை வரையறுக்கும் பொறுப்பைக் கூட்டத்தை நடத்துகிறவர்களிடமே விடுங்கள், சேலத்து அம்மையார் சொன்னதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அதே நாளில், செயற்குழுவில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் விதித் திருத்தத்தையும், மாதக் கூட்டத் தலைமை ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறி மாறி வருவதற்கான விதியையும் பொதுக்குழுவின் முன் வையுங்கள். இவற்றுக்குத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி சிறப்புத் தீர்மானம் தேவைப்படும், திருத்தத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். மாதக் கூட்டம் இரவு எட்டரைக்கு முடிகிறது என்றால் அதை மாலை நான்கு மணிக்கு மாற்றுவதற்கு எந்தத் திருத்தமும் வேண்டியதில்லை, அடுத்த மாதமே செய்யலாம்.